பதினோரு பேர், கணக்கு சரி

அந்தப் பெண்கள் கிளைச் சிறைக்கு ஒரே ஒரு கதவுதான். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது, ஏனென்றால் அது சிறையாகப் பிறக்கவில்லை. ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி, நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் மண் சாலையில், பதனிட்ட தோலை அடுக்கி வைக்க யாரோ ஒரு சாயபு கட்டிய கிடங்கு அது. தோலுக்கு ஜன்னல் எதற்கு? கூரைக்கு அடியில் கை நுழையாத காற்றுத் துளைகள் நாலு வைத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு கிடங்கு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அரசாங்கம் சுண்ணாம்பு அடித்தது, மூலையில் கழிப்பறை கட்டியது, பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்தது, பெண்களை உள்ளே வைத்தது. மழை பெய்தால் இன்றைக்கும் சுவரிலிருந்து தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் வாசனை வரும்.

பிரிசில்லா அங்கே ஆறு வருஷமாகக் காவலர். பகல் பன்னிரண்டு மணிக்குக் கைதிகளைக் கூடத்துக்குள் அனுப்பிப் பூட்டுவார்கள், இரண்டு மணிக்குத் திறப்பார்கள். பூட்டும்போது பிரிசில்லாவையும் சேர்த்துத்தான் பூட்டுவார்கள். காவலர் உள்ளே, சாவி வெளியே. சாவி முற்றத்தைத் தாண்டி, நாற்பது தப்படி தூரத்தில், வாயில் அறையின் ஆணியில் தொங்கும். உள்ளே இருப்பவளிடம் சாவி இருந்தால் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்களாம்.

ஆணியிலிருந்து சாவி இறங்குவதற்கும் ஒரு முறை இருந்தது. உள்ளேயிருந்து காவலர் மணிக் கயிற்றை இழுக்க வேண்டும். வாயில் காவலர் "எத்தன?" என்று கேட்பார். இவள் எண்ணிச் சொல்ல வேண்டும். அது வாயில் அறைக் கரும்பலகையில் எழுதியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போனால்தான் சாவி நகரும். அன்றைக்குப் பலகையில் பதினொன்று. கைதி ஹீனாவின் இடுப்பிலிருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தை அதில் சேர்த்தி இல்லை, அதன் பேரில் வழக்கு ஏதும் கிடையாது. பிரிசில்லாவும் சேர்த்தி இல்லை. இதைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை, சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் நவநீதன் சோதனைக்கு வரப்போகிறார் என்று முதல் நாளே தகவலும் ஒரு படிவமும் வந்துவிட்டன. தனியார் கட்டடத்துக்கு என்ன விதியோ அதேதான் அரசாங்கக் கட்டடத்துக்கும், ஆளைப் பூட்டி வைக்கிற இடமென்றால் இன்னும் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை. கண்காணிப்பாளர் ராஜகோபால் இரண்டு வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னார். பிறகு பிரிசில்லாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த சொல்யூஷன் டின்னெல்லாம் அவர் கண்ணுல படக் கூடாது. கம்பளி மூலைல வெச்சி மூடிடு."

கைதிகளுக்கு ஒரு ஷூ கம்பெனி தையல் வேலை கொடுத்திருந்தது. தோலை ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் ஐந்து டின்னும் இரண்டு மூட்டை தோல் துண்டும் கூடத்திலேயே கிடந்தன. வெளியே வைக்க அறை இல்லை.

"ஐயா, வெளிய வெச்சிடலாமே. அது கப்புனு பத்திக்கும்."

"வெளிய வெச்சா இன்னும் ஈசியா கண்ல படும்." அவர் மேசையிலிருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நெருக்கடியில் உள்ளிருப்போர் அனைவரும் வெளியேற ஆகும் நேரம் என்ற இடத்தில் எழுத்தர் ஏற்கெனவே மூன்று நிமிடம் என்று எழுதி வைத்திருந்தார். கீழே, பணியிலிருந்த காவலர் கையொப்பம் என்ற இடம் காலி. "அவர் பாத்துட்டுப் போனதும் நீ கையெழுத்துப் போடணும். உன் மனு இங்கதான் இருக்கு, நாளைக்கே ஃபார்வர்ட் பண்ணிடறேன்."

பிரிசில்லாவைப் பாளையங்கோட்டைக்கு மாற்ற இருந்தார்கள். கணவன் இன்பராஜ் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மகள் ஜாஸ்மின் பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. ஒரு வருஷம் இங்கேயே இருக்க விடுங்கள் என்று அவள் கெஞ்சி எழுதிய மனு, கண்காணிப்பாளரின் கண்ணாடி எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஐந்து டின்னையும் தன் கையாலேயே சுமந்துபோய்க் கம்பளி மூலையில் வைத்து மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஒரு டின்னின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, அதையும் பார்த்தாள்.

மறுநாள் பூட்டிய பத்து நிமிஷத்தில் நவநீதன் வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். அவர் கையில் ஓர் இரும்பு வாளி, அதில் ஈரத் தேங்காய் நாரும் கிழிந்த சாக்கும்.

"சோதனைன்னா பூட்டியிருக்கும்போதுதான் பண்ணணும். நான் உள்ள நிக்கணும். கேட்ல இருக்கறவருக்கு எதுக்குனு முன்னாடியே சொல்லிடக் கூடாது."

ராஜகோபாலுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தீயணைப்புக்காரரைத் தனியாக உள்ளே விட்டால் எந்தப் பெண்ணாவது வாயைத் திறந்து டின்னைப் பற்றிச் சொல்லிவிடுவாள். அதனால் தானும் வருவதாகச் சொன்னார். இருவர் கைப்பேசியையும் முறைப்படி வாயில் அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அப்போது வாயிலில் இருந்தவன் தமிழ்வேந்தன்.

"பதிவேட்டுல ஏத்தட்டுங்களா ஐயா?"

"இப்ப வேணாம். அப்புறம் பாத்துக்கலாம்."

சோதனை கோணலாகப் போனால் தீயணைப்புக்காரர் வரவே இல்லை என்று சாதிக்கலாம் என்பது ராஜகோபாலின் கணக்கு. தமிழ்வேந்தன் அவர்களை உள்ளே விட்டுப் பூட்டினான், சாவியை ஆணியில் மாட்டினான். பத்து நிமிஷத்தில் முறை மாற வந்த கோவிந்தசாமியிடம் "பதினொண்ணு, கணக்கு சரிண்ணா" என்று சொல்லிவிட்டு, பிரியாணி தீர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் வண்டியைக் கிளப்பினான். பெட்டிச் சாவி அவன் பையிலேயே போய்விட்டது. உள்ளே ஐயா இருக்கிறார் என்று சொல்ல அவனுக்கு நினைவு வரவில்லை. இதெல்லாம் பிரிசில்லாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூடத்தில் நவநீதன் சுவரைத் தட்டிப் பார்த்தார், காற்றுத் துளையை அண்ணாந்து பார்த்தார், அடைத்த பின்கதவைக் கையால் தடவினார்.

"தீயணைக்கிற சிலிண்டர் எங்க?"

"வாயில் அறைல. உள்ள வெச்சா எடுத்து மண்டைல அடிப்பாங்க," என்றார் ராஜகோபால்.

"மணல் வாளி?"

"அதுவும் வெளியதான். கண்ணுல தூவிடுவாங்க."

நவநீதன் சிரிக்கவில்லை. வாளியிலிருந்ததைப் புகைக்காகப் பற்ற வைத்தார். பெண்களுக்குப் புகை நேராகப் படக் கூடாதே என்று, அவர்களிடமிருந்து மிகவும் தள்ளியிருந்த மூலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதுதான் கம்பளி மூலை.

சொல்யூஷன் பக்கத்தில் தீக்குச்சியைக் கூடக் கிழிக்கக் கூடாது, அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தரையாகப் போகும் என்று இன்பராஜ் வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். பிரிசில்லா வாயைத் திறந்தாள். ராஜகோபால் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எடைக்கல் நினைவுக்கு வந்தது.

"சார், அங்க கம்பளி இருக்கு. கொஞ்சம் தள்ளி வைங்க," என்றாள்.

பாதி உண்மை. அவர் இரண்டு முழம் தள்ளி வைத்தார். பாதி உண்மைக்கு அவ்வளவுதான் மரியாதை.

"மணி அடிங்க," என்று நவநீதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கயிற்றை இழுத்தாள். மணி ஓசை அடங்குவதற்குள் தரையில் நீலமாக ஏதோ ஓடியது. சத்தமே இல்லை. அடுத்த நொடி கம்பளிக் குவியல் எரிந்துகொண்டிருந்தது.

பெண்கள் கதவை நோக்கி ஓடினார்கள். "உள்ள இன்னாய்யா வெச்சிருக்கீங்க?" என்று நவநீதன் கத்தினார். ராஜகோபால் பெண்களோடு சேர்ந்து கதவுக்கு ஓடினார். பிரிசில்லாதான் சொன்னாள், "சொல்யூஷன் டின்னு சார். அஞ்சி."

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? அவளே முதல் ஆளாக ஓடிப்போய் இன்னும் பிடிக்காத ஓரத்திலிருந்து ஒரு டின்னை இழுத்தாள். நவநீதன் மூன்றை இழுத்தார். சாராய வழக்கில் வந்திருந்த மீனாம்பாள், அறுபது வயதுக்காரி, யாரும் சொல்லாமலே கழிப்பறைத் தொட்டியில் கம்பளியை முக்கி எடுத்து வந்து தீயின் மேல் போட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். நாலு டின் தப்பியது. மூடி சரியில்லாத ஐந்தாவது டின் எரிந்து, தோல் துண்டு மூட்டையைப் பிடித்து, ஈரக் கம்பளிக்கு அடியில் புகைய ஆரம்பித்தது. தீ அடங்கிவிட்டது. ஆனால் புகை அடங்கவில்லை. எரிந்த தோலும் ரப்பரும் சேர்ந்த கறுப்புப் புகை கூரை வரை போய், வெளியேறப் பின்சுவரின் அந்த நாலு துளை போதாமல் கீழே இறங்கியது.

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு வலை போட்ட ஒரு துளை உண்டு. பிரிசில்லா அதில் வாயை வைத்தாள். "கோவிந்தசாமிண்ணா, தொறங்க. தீப் பிடிச்சிடுச்சி."

முற்றத்துக்கு அந்தப் பக்கம் வாயில் அறை வாசலில் கோவிந்தசாமி வந்து நின்றார்.

"எத்தன?"

அவள் நெஞ்சறிய எண்ணினாள். கைதிகள் பதினொன்று, குழந்தை, இரண்டு ஆண்கள், தான். "பதினஞ்சி."

கோவிந்தசாமி பலகையைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷ வேலையில் அவர் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எண்ணிக்கை குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. கூடினால் என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"பதினொண்ணுதான இருக்கு. நாலு பேர் எங்கேர்ந்து வந்தாங்க?"

ராஜகோபால் அவளை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் துளையில் முகத்தை வைத்தார். "யோவ், நான்தான்யா. தொற கதவ." புகையில் அவர் குரல் கம்மிப் போயிருந்தது. வெளியே உச்சி வெயில், உள்ளே இருட்டு. கோவிந்தசாமியின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று. பெண்கள் கூடத்துக்குள் ஓர் ஆண் குரல்.

அவர் பின்வாங்கினார். "உள்ள ஆம்பளை இருக்கான். ஐயாக்குச் சொல்லாம தொறக்க மாட்டேன்."

"ஐயாவே உள்ளதாண்ணா இருக்காரு," என்று பிரிசில்லா கத்தினாள்.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னானுங்க."

அது அவளுக்குத் தெரிந்த கதைதான். பத்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு சிறையில், ஐயா உள்ளே மயங்கி விழுந்துவிட்டார் என்று சத்தம் போட்டார்கள். கோவிந்தசாமி எண்ணிக்கை கேட்காமல் ஓடித் திறந்தார். இரண்டு பேர் ஓடிப்போனார்கள், இவருக்குப் பதினாலு மாதம் சஸ்பென்ஷன். சூடு கண்ட பூனை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு தடவை இரக்கப்பட்டதற்கு வாங்கிய அடி அவருக்கு மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் உள்ளே போய்க் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார். பக்கத்திலிருந்த பெட்டிக்குள் ஏதோ ஒரு கைப்பேசி அடித்தது. ஐயா எடுக்கவில்லை. மறுபடி போட்டார், பெட்டி மறுபடி அடித்தது. எவன் போனோ தெரியவில்லை, நேரங்காலம் இல்லாமல் அடிக்கிறதே என்று எரிச்சல்பட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் போட்டாராம்.

உள்ளே எல்லோரும் தரையில் படுத்துவிட்டார்கள். நவநீதன்தான் படுக்கச் சொன்னார், முகத்தில் ஈரத்துணி போடச் சொன்னார். ஹீனா குழந்தையைக் கதவடி இடுக்கில் மூக்கு படும்படி கிடத்தி, மேலே கவிழ்ந்துகொண்டாள். மீனாம்பாளுக்கு இழுப்பு வந்துவிட்டது, ஒவ்வொரு மூச்சும் விசில் போலக் கேட்டது. ராஜகோபால் கதவைக் கையால் குத்திக்கொண்டே இருந்தார், பிறகு குத்தவும் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததைப் பிரிசில்லா பார்த்தாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஜாஸ்மினுக்குக் காலையில் டிபன் டப்பா கட்டிக் கொடுக்கவில்லை, கேன்டீனில் சாப்பிடு என்று திட்டி அனுப்பியிருந்தாள். சாகப் போகிறோம், இந்த ஒரு நினைப்புத்தானா வர வேண்டும் என்று அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. கோவிந்தசாமியை உண்மை திறக்க வைக்காது. பலகையில் இருப்பதுதான் திறக்கும்.

"ஐயா, நீங்க பேசாதீங்க," என்றாள். "இருமல் வந்தாலும் வாயப் பொத்திக்கோங்க. சார், நீங்களும்."

ஆறு வருஷத்தில் அவள் ராஜகோபாலுக்கு இட்ட முதல் உத்தரவு. அவர் சட்டையை வாயில் திணித்துக்கொண்டார். அவள் கயிற்றை இரண்டு தடவை இழுத்தாள். இரண்டு மணி என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பொருள். குரலைத் தினம் பேசுகிற மாதிரி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

"எத்தன?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"பதினொண்ணு. கணக்கு சரி. மீனாம்பாளுக்கு இழுப்புண்ணா."

அவர் பலகையைத் திரும்பிப் பார்ப்பது துளை வழியே தெரிந்தது. பிறகு சாவிக் கொத்தின் சத்தம் முற்றத்தைத் தாண்டி வந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் தேவாலயத்திலும் கேட்டதில்லை.

கதவு திறந்ததும் புகை முதலில் வெளியேறியது. கோவிந்தசாமி திகைத்துப்போனார், ஆனாலும் கை பழக்கத்தை விடவில்லை. வெளியே வருகிற ஒவ்வொரு தோளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. மீனாம்பாளை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள், மூன்று என்று சேர்த்துக்கொண்டார். ஹீனா குழந்தையோடு வந்தாள், ஒன்று என்று எண்ணினார். பதினோராவது பெண் வெளியே கால் வைத்ததும் அவர் கை தானாகக் கதவை இழுத்துச் சாத்தியது. தாழ்ப்பாளும் விழுந்தது.

கடைசி ஆளாக வர நின்ற பிரிசில்லாவின் மூக்குக்கு முன்னால் வெளிச்சம் போயிற்று.

அரை நிமிஷம்கூட இருக்காது. ஹீனா வெளியே கத்திய கத்தில் அவர் மறுபடி திறந்துவிட்டார். ஆனால் அந்த இருட்டில் நின்றபோது அவளுக்கு ஒன்று விளங்கிப்போயிற்று. பதினொன்று என்று தான் சொன்னது பொய்யே இல்லை. அந்தப் பலகையைப் பொறுத்தவரை இப்போது உள்ளே யாரும் இல்லை. ஆறு வருஷமாக, ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், இல்லாத ஆளாகத்தான் அவள் உள்ளே பூட்டப்பட்டிருக்கிறாள். தனக்குப் பின்னால் இருமிக்கொண்டு நின்ற கண்காணிப்பாளருக்கு அது இன்றைக்குத்தான் புதுசு.

திறந்த கதவில் ராஜகோபாலைப் பார்த்ததும் கோவிந்தசாமி சல்யூட் அடித்தார்.

மீனாம்பாளை ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று அதில் வந்தவர் சொன்னார். முகம் கழுவி, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து, தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் ராஜகோபால் மறுபடி கண்காணிப்பாளர் ஆகிவிட்டார். நாற்காலிக்கு அந்தச் சக்தி உண்டு.

"சோதனைல கொஞ்சம் பேஜாராயிடுச்சி. நிஜமா நடந்தா நம்ம ஆளுங்க இன்னும் வேகமா இருப்பாங்க. மூணு நிமிஷம்னே இருக்கட்டும்."

நவநீதன் கைக்கடிகாரத்தை மேசைமேல் வைத்தார். "பத்தொம்பது நிமிஷம்."

"சார், நீங்களும் அரசாங்கம், நாங்களும் அரசாங்கம்."

"அதுதான் சார் கஷ்டம். ஒரு ஷூ கம்பெனில இத பாத்திருந்தா, சரி பண்ற வரைக்கும் இழுத்து மூடுங்கனு நோட்டீஸ் எழுதுவேன். இங்க இன்னானு எழுதுறது? ஏற்கெனவே இழுத்து மூடித்தான் வெச்சிருக்கீங்க." அவர் பிரிசில்லாவைப் பார்த்தார். "நான் எழுதுவேம்மா. ஆனா நான் வெளி ஆளு, வாளில புகை போட்டவனும் நான்தான். என் மேலயே திருப்பிடுவாங்க. தெனம் உள்ள இருக்கறவங்க கையெழுத்து இருந்தாத்தான் அது நிக்கும்."

ராஜகோபால் எடைக்கல்லை எடுத்தார். அவள் மனுவை வெளியே உருவி, படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

பிரிசில்லா இரண்டு காகிதத்தையும் பார்த்தாள். மார்ச்சில் பரீட்சை. இன்பராஜுக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டால் நாளைக்கும் பன்னிரண்டு மணிக்கு வீட்டுப் பக்கத்துச் சிறையில் பூட்டப்படலாம். அவள் பேனாவை எடுத்தாள். மூன்று என்பதை அடித்தாள். பத்தொன்பது என்று எழுதினாள். அது போதாது என்று தோன்றியது. கீழே இருந்த குறிப்பு இடத்தில், ஐந்து சொல்யூஷன் டின்களைக் கண்காணிப்பாளர் சொன்னதன் பேரில் கூடத்துக்குள் மறைத்து வைத்தது நான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டாள்.

ராஜகோபால் மனுவை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

நவநீதனின் நோட்டீஸ் பத்து நாளில் வந்தது. நிதி கேட்டு எழுதப்பட்டுள்ளது என்று அதற்குப் பதில் போயிற்று. டின்கள் கூடத்திலிருந்து வெளியேறின, அந்த மட்டும் லாபம். ராஜகோபாலிடம் விளக்கம் கேட்டார்கள், அவரும் நாலு பக்கத்துக்கு விளக்கினார். சாவி அதே ஆணியில்தான் தொங்கியது. பிரிசில்லாவுக்கான பாளையங்கோட்டை உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. ஜாஸ்மின் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே டிபன் டப்பா கட்டிக்கொண்டு போனாள்.

கடைசி நாள் பகலும் பிரிசில்லா வழக்கம்போலப் பெண்களை உள்ளே அனுப்பிவிட்டுத் தானும் நுழைந்தாள். மீனாம்பாள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஜாமீனில் போய்விட்டாள், இன்னொருத்தியும் விடுதலை. கோவிந்தசாமி கதவைச் சாத்திப் பூட்டினார். நாற்பது தப்படி நடந்துபோய் வாயில் அறையில் சாக்பீஸை எடுத்தார்.

"எத்தன?"

"ஒம்போது," என்றாள் அவள், துளை வழியாக.

அவர் எழுதவில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றார். "உன்ன சேத்தா?"

"பத்துண்ணா."

"ஹீனா கொழந்தை?"

"அதோட பதினொண்ணு."

கோவிந்தசாமி பதினொன்று என்று பெரிதாக எழுதினார். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிரிசில்லா கதவுக்குப் பக்கத்திலேயே, மணிக் கயிறு கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். மணி பன்னிரண்டு ஐந்து. திறக்க இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது.